சாமித்தட்டிலை இருந்த மழைத்தண்ணி

நார்த்மீட், சிட்னி,
19.10.2004, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நளாயினிக்கு,

அம்மா எழுதிக்கொள்ளுறது. ஹெலன்ஸ்பர்க் கோயிலிலை இருக்கிற கடவுளின்ரை கிருபையாலை இஞ்சை நாங்கள் ரண்டு பேரும் சுகமா இருக்கிறம், உன்ரை கொப்பரின்ரை வலது முழங்காலைத் தவிர, அது தன்ரை பாட்டிலை நோகுது, ஆற்றை சொல்லும் கேளாது, அவரைப் போலத்தான். உங்கை நீயும், உன்னைச் சொந்தத் தங்கச்சி மாதிரிப் பாக்கிற பக்கத்து வீட்டு ஹபீபாவும் அவவின்ரை மனுசன் ஜலீலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறியள் எண்டு நம்பிக்கொண்டு பேனையை எடுத்திருக்கிறன். நீ வெள்ளிக்கிழமை வரைக்கும் வெளிக்கிராமங்களிலை பிள்ளையளின்ரை காது சோதிக்கப் போயிருப்பாய், அங்கை உன்ரை போனும் வேலை செய்யாது, அதாலை இதை எக்ஸ்பிரஸ் போஸ்ற்றிலை போடுறன், நீ வந்து கதவைத் திறக்கேக்கை கடிதம் உனக்கு முதல் வந்து நிக்க வேணும். நீ அனுப்பின படம் நேற்று வந்தது. கொப்பர் பாத்திட்டார். நெஞ்சைப் பிடிக்காதை பிள்ளை, பயப்பிட ஒண்டுமில்லை, ஆனால் என்ன நடந்தது எண்டு நான் முறையாத்தான் சொல்லுவன். கடைசிப் பக்கத்துக்கு ஓடாதை, சின்னனிலை கதைப் புத்தகத்தை அப்பிடித்தான் பின்னாலையிருந்து வாசிச்சு எல்லாற்றை மண்டையையும் குழப்புவாய்.

அவர் இப்ப மார்கரெட் அன்ரி வீட்டை போயிட்டார், அவவின்ரை ஓர்க்கிட்டுக்கெல்லாம் சாடி மாத்திக் குடுக்கவாம், மத்தியானம் வரைக்கும் வரமாட்டார், எனக்கு எழுத நேரம் கிடக்கு. இஞ்சை தண்ணிக் கட்டுப்பாடு இன்னும் எடுபடேல்லை, பகலிலை குழாய் பிடிச்சுத் தண்ணி விட ஏலாது. கொப்பர் கூரைத் தண்ணியைப் பிடிக்க நீல பரல் இன்னும் ஒண்டு வாங்கிப் பின்வளவிலை நிப்பாட்டியிருக்கிறார், இனி உடுப்புக் காயப்போடுற கொடிக்கு நான் பக்கத்து வளவுக்குத்தான் போகவேணும். போன சனிக்கிழமை கோயிலிலை அரியரத்தினம் குடும்பத்தைக் கண்டனாங்கள். உன்னட்டை ஒளிக்க என்ன இருக்கு, நான் தூணுக்குப் பின்னாலை ஒதுங்கப் பாத்தன். அவையின்ரை பொடியனோடை உனக்குச் சம்பந்தம் பேசி, மண்டபமும் எடுத்து, கலியாணக் காட் முழுக்க நாங்கள் வீடு வீடாக் குடுத்து முடிச்சாப் பிறகு, நீ வேண்டாம் எண்டு சொன்ன நாளிலையிருந்து நாங்கள் அவையை முகத்துக்கு நேர பாத்ததில்லை. அந்தப் பொடியனுக்கு இப்ப கலியாணமாகி ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருக்கு. கொப்பர் என்ன செய்தவர் தெரியுமே, தானாப் போய் அரியரத்தினத்தின்ரை கையைப் பிடிச்சுச் சுகம் விசாரிச்சு, அந்தக் குழந்தையின்ரை கன்னத்தையும் தட்டிவிட்டவர். காருக்குள்ளை வந்து ஏறினாப் பிறகு, எல்லாரும் நல்லாத்தானே இருக்கினம் எண்டார். எனக்கு அந்த இடத்திலையே கோயிலுக்குத் திரும்பிப் போய் இன்னொருக்கால் கும்பிட வேணும் போலை இருந்தது.

நீ வேண்டாம் எண்டு சொன்னது சரிதான் பிள்ளை, அந்தப் பொடியன் உனக்கு ஏத்த ஆளில்லை எண்டு எனக்கு எப்பவோ விளங்கீட்டுது. கொப்பருக்கும் விளங்கினதுதான், ஆனால் குடுத்த காட்டைத் திருப்பி வாங்கின வெக்கம் அவற்றை வாயைப் பூட்டிப்போட்டுது. வாயைப் பூட்டினவருக்குப் பேந்து திறக்கிற வழி தெரியேல்லை. அந்தப் பூட்டை நீ எப்பிடித் திறந்தனி எண்டு உனக்கு அரைவாசிதான் தெரியும், ஏனெண்டால் நீ ரெலிபோனின்ரை அந்தப் பக்கம் நிண்டனி. இந்தப் பக்கம் நடந்ததைக் கண்டவள் நான் ஒருத்திதான், அதை எழுதி வைக்காட்டில் எனக்கு நித்திரை வராது.

நீ ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போற அண்டு விடியக் கொப்பர் அறைக்குள்ளை இருந்து வெளியிலை வரேல்லை, அது உனக்குத் தெரியும். நீ வெறுங்கையோடை வெளிக்கிடுறதைப் பாக்க ஏலாமல் நான்தான் குளியலறை யன்னலிலை இருந்த அந்த வெள்ளை ஓர்க்கிட்டைத் தூக்கி உன்ரை கையிலை தந்தனான். மார்கரெட் அன்ரி ஆசையாக் குடுத்த பூக்கண்டு அது, ரண்டு வீடு தள்ளி இருந்துகொண்டு கொப்பருக்கு உந்த ஓர்க்கிட் விசரைப் பிடிக்க வைச்சதே அந்த மலேசியாக்காரிதானே. பின்னேரம் அவர் முகம் கழுவப் போனவர், யன்னல் வெறுமையாக் கிடக்குது எண்டு கண்டிட்டு வந்து நிண்டார். பிள்ளையிட்டைக் குடுத்திட்டன் எண்டு சொன்னன். அந்தக் காய்ஞ்ச ஊரிலை அது ஒரு மாசம் தாங்காது எண்டார். அவ்வளவுதான். ஆனால் நீ போற ஊரைப் பற்றி அந்த வாயிலையிருந்து வந்த முதல் சொல்லு அதுதான், நான் அதைப் பிடிச்சு வைச்சுக்கொண்டன்.

பேந்து ஞாயிற்றுக்கிழமையிலை நீ ரெலிபோன் எடுப்பாய். நான் கதைக்க, அவர் எனக்கு எதிர்ப்பக்கக் கதிரையிலை பேப்பரை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு இருப்பார், அரை மணித்தியாலமா ஒரே பக்கம். கொஞ்சம் பொறுத்து அந்தப் பேப்பருக்குப் பின்னாலையிருந்து ஒரு குரல் வரும், இலை சுருங்கியிருக்கோ எண்டு கேள் எண்டு. ஆரைக் கேக்கிறது எண்டு நான் வேணுமெண்டே கேப்பன். அதை வைச்சிருக்கிற ஆளை எண்டுவார். என்ரை வயித்திலை பிறந்த பிள்ளை அவருக்கு ஓர்க்கிட் வைச்சிருக்கிற ஆள்! எனக்கு ஏச்சு வாய் வரைக்கும் வரும், ஆனால் விழுங்கிப்போட்டு உன்னைக் கேப்பன். நீ சொல்லுறதை நான் திருப்பிச் சொல்லுவன், அவர் அதுக்கு மேலை ஒண்டு கேப்பார். காய்ஞ்ச ஊரிலை சனம் செய்யிற பிழை அதுதானாம், பாவம் தாகமா இருக்குமெண்டு சாடிக்குள்ளை தண்ணியை ஊத்தி ஊத்தி வேரை அழுகப் பண்ணுறது. ஈரம் வேண்டியது சுத்தியிருக்கிற காத்துக்காம், வேருக்கு மூச்சுத்தான் வேணுமாம். தட்டிலை கூழாங்கல் பரப்பித் தண்ணி விட்டு, அந்தக் கல்லுக்கு மேலை சாடியை வை, சாடி தண்ணியிலை முட்டக்கூடாது எண்டு சொல்லச் சொல்லுவார். இப்பிடி எத்தினை ஞாயிறு நான் உங்கள் ரண்டு பேருக்கும் நடுவிலை மொழிபெயர்ப்பாளர் வேலை பாத்தனான், ரண்டு பேரும் ஒரே தமிழ்தான் கதைக்கிறியள்.

அவர் முதல்முதல் ரெலிபோனைப் பறிச்ச நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டைக் குளிராக்க உங்கை என்ன மெசின் பூட்டியிருக்கு எண்டு அவர் கேக்க, நீ ஏதோ கூரையிலை இருக்கிற கூலர், அதுக்குள்ளை தண்ணி ஓடும், ஈரமான தட்டுக்குள்ளாலை காத்து வரும் எண்டு சொன்னனி. நான் அதைக் கூரையிலை தண்ணி ஓடுதாம் எண்டு சொன்னன். வீடு ஒழுகுதோ எண்டு அவர் பதறினார். இல்லை, தட்டு ஈரமாம் எண்டன். எந்தத் தட்டு, சாப்பாட்டுத் தட்டோ எண்டார். பிறகு பொறுக்க ஏலாமல் எழும்பி வந்து ரெலிபோனை என்ரை கையிலையிருந்து பறிச்சு, உது என்ன மாதிரிக் கூலர் எண்டு உன்னட்டை நேர கேட்டார். ரண்டு வருசத்துக்குப் பிறகு மகளோடை கதைக்கிற முதல் கதை கூலரைப் பற்றி! நல்ல சாமான், ஈரக்காத்துத் தருது, அந்தக் காத்து வாற வாசலுக்கு நேர வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வை, நேர் வெயில் படாத யன்னலாப் பாத்து வை எண்டு அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் குசினிக்குள்ளை போய், அழுகிறது கேக்கக் கூடாதெண்டு பைப்பைத் திறந்துவிட்டன், பேந்து தண்ணி வீணாப் போகுதே எண்டு பூட்டிப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதன்.

அதுக்குப் பிறகுதான் தண்ணிக் கதை வந்தது. உங்கடை ஊர்த் தண்ணி நிலத்துக்குக் கீழையிருந்து வாறது, கேத்திலிலை வெள்ளையாப் படியுது எண்டு நீ சொல்லப்போக, அந்த உப்பு வேரைச் சுட்டுப்போடும், மழைத்தண்ணிதான் விட வேணும் எண்டு அவர் ஒற்றைக்காலிலை நிண்டார். உங்கை எப்ப மழை பெய்யும் எண்டு கேட்டதுக்கு நீ சிரிச்சனி. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிச்சுப்போச்சு எண்டு நினைக்கிறன், அண்டு முழுக்க வீட்டுக்குள்ளை சீட்டியடிச்சுக்கொண்டு திரிஞ்சவர். உன்ரை ஆஸ்பத்திரி மருந்தகத்திலை வேலை செய்யிற ஜலீல் ஏதோ படிப்புக்கு சிட்னி வாறார் எண்டு நீ சொன்ன உடனை, எங்கடை ஆக்கள் செய்யிறதைத்தானே நானும் செய்வன், ஆள் போகுது எண்டால் பார்சல் குடுத்துவிடுறது. வறுத்த மிளகாய்த்தூள், தட்டை வடை, பயத்தம் பணியாரம் எல்லாம் கட்டி வைச்சன். கொப்பர் வந்தார், பரலிலை பிடிச்ச மழைத்தண்ணியைத் துணியாலை வடிச்சு நிரப்பின ரண்டு பெரிய சோடாப் போத்திலோடை. பாரம் கூடிப்போகுமெண்டு நான் சண்டை பிடிக்க, அவர் என்ரை மிளகாய்த்தூளை வெளியிலை எடுத்து வைச்சார். தண்ணியில்லாத ஊருக்கு மிளகாய்த்தூள் என்னத்துக்காம்!

இப்ப ஜலீல் வந்து நிண்ட காட்சியை நல்லா யோசிச்சுப் பார். சனிக்கிழமை பின்னேரம், நாங்கள் ஹெலன்ஸ்பர்க் கோயிலாலை வந்து இறங்கின கையோடை. கொப்பர் வேட்டி கட்டி, நெத்தி முழுக்கத் திருநீறும் சந்தனமும், மேசையிலை அர்ச்சனைத் தட்டு. அந்தக் கோலத்திலை போத்தில் ரண்டையும் ரண்டு கையாலும் தூக்கிக் குடுத்து, கவனம் தம்பி, நிலத்திலை வைச்சிடாதேங்கோ, வெயில் படவிடாதேங்கோ, வேறை தண்ணி ஒரு சொட்டும் கலக்கக் கூடாது, பிள்ளையின்ரை கையிலை பத்திரமாக் குடுத்திடுங்கோ எண்டு சொன்னார். என்னத்துக்கு எண்டு சொல்லவேயில்லை, மகளோடை கதைக்கிறதுக்கே ஓர்க்கிட் தேவைப்படுற மனுசன், பிறத்தியாருக்கு விளக்கம் சொல்லுவாரோ. ஜலீல் ஒண்டும் கேக்கேல்லை. சரி அங்கிள் எண்டு சொல்லி, ரண்டு கையாலும் வாங்கி, தன்ரை தோளிலை கிடந்த சால்வையை எடுத்து அந்தப் போத்திலைச் சுத்தினார். என்ன நல்ல வளர்ப்பு எண்டு நான் நினைச்சன், வேறை ஒண்டும் எனக்கு ஓடேல்லை.

அவர் அதைக் கோயில் தீர்த்தம் எண்டு நினைச்சிட்டார் எண்டு நீ பிறகு சொன்னாப் பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கிச்சுது. அவையள் மக்காவிலையிருந்து சம்சம் தண்ணி கொண்டு வாறதும் அப்பிடித்தானே, கண்ட இடத்திலை வைக்கமாட்டினம். பிளேனிலை முழுக்க மடியிலை வைச்சுக்கொண்டு போயிருக்கிறார், பாவம். நீ வெளிக்கிராமத்திலை நிக்க, வீட்டுச் சாவி ஹபீபாவிட்டை. அந்தப் பிள்ளை உன்ரை சாமித்தட்டைத் துடைச்சு, முருகன் படத்துக்குப் பக்கத்திலை ரண்டு போத்திலையும் வைச்சு, வெள்ளைத் துணியாலை மூடியிருக்கிறா. தன்ரை சமயமில்லாத ஒரு கடவுளுக்கு அவ்வளவு மரியாதை. அதே கையாலை, உன்ரை ஓர்க்கிட் வாடிக் கிடக்குதே எண்டு இரக்கப்பட்டு, தன்ரை பின்வளவிலை கறிவேப்பிலைக்குப் பக்கத்திலை நல்ல வெயிலிலை வைச்சு, விடியவும் பின்னேரமும் அரிசி கழுவின தண்ணி ஊத்தி வளத்திருக்கிறா. எங்கடை சனத்துக்கு எந்தச் செடியைக் கண்டாலும் கறிவேப்பிலையாத்தான் தெரியும், நான் நிண்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன். நீ வந்து பாக்கேக்கை மழைத்தண்ணி சாமித்தட்டிலை பூவோடை இருக்குது, கண்டு வெயிலிலை அழுகிப்போய்க் கிடக்குது.

நீ அழுதழுது எனக்கு ரெலிபோன் எடுத்த நேரம் நல்லகாலம் கொப்பர் வீட்டிலை இல்லை. ஹபீபா சாப்பிடாமல் கிடக்கிறா எண்டும் சொன்னனி. கடையிலை பூ இல்லாமல் வெறும் இலையோடை நிண்ட இன்னொரு ஓர்க்கிட்டை வாங்கி அதே சாடியிலை வைச்சிட்டன், அப்பாவுக்குச் சொல்லட்டோ விடட்டோ எண்டு கேட்டனி. நான்தான் சொல்லாதை எண்டனான். இப்பதான் வாய் திறந்த மனுசன், கண்டு செத்துப்போச்சு எண்டு கேட்டால் நான் அண்டைக்கே சொன்னனான் எண்டு பழையபடி பேப்பருக்குப் பின்னாலை போயிடுவார் எண்டு எனக்குச் சரியான பயம். பச்சை இலை பச்சை இலைதானே, ரெலிபோனிலை என்ன தெரியப்போகுது எண்டு நினைச்சன். பார், என்ரை மூளையை!

அதுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுவருசம் பிறந்து கொஞ்ச நாளிலை, புது வேர் விடுது அப்பா எண்டு நீ சந்தோசமாச் சொன்னனி. அவர் வேரின்ரை நுனி என்ன நிறம் எண்டு கேட்டார். நீ போய்ப் பாத்திட்டு வந்து சிவப்பு எண்டு சொன்னது பக்கத்திலை நிண்ட எனக்கும் கேட்டது. அவர் ரெலிபோனைக் காதோடை இன்னும் இறுக்கிப் பிடிச்சார். லைன் அறுந்திட்டுதாக்கும் எண்டு நான் கிட்டப் போனன். பேந்து ஆறுதலா, நல்லம், சுகமாத்தான் இருக்குது, இடத்தை மாத்தாமல் அப்பிடியே வைச்சிரு எண்டு சொல்லிப்போட்டு வைச்சார். பிறகு பின்வளவுக் கொட்டிலுக்குள்ளை போனவர், பொழுதுபடும் மட்டும் வரேல்லை. முழங்கால் நோகுதாக்கும் எண்டு நான் எண்ணெய் சூடாக்கி வைச்சுக்கொண்டு இருந்தன்.

அடுத்த ஞாயிறு விடிய, நீ எடுக்க முதல் அவரே எடுத்தார். அதுக்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறேல்லை, நீயே சொல்லு. குளிர்காலம் வந்து பூந்தண்டு வெளிக்கிட்டது எண்டு நீ சொல்ல, உங்கடை இராக்குளிர்தான் அதுக்குக் காரணம், இனிச் சாடியைத் திருப்பாதை எண்டு துள்ளினார். மார்கரெட் அன்ரி வந்து நிக்கேக்கை, என்ரை மகள் பாலைவனத்திலை ஓர்க்கிட் பூக்க வைக்கிறாள் எண்டு சொன்னார், என்ரை மகள் எண்டு, என்ரை ரண்டு காதாலையும் கேட்டன். அவரின்ரை ஓர்க்கிட் சங்கத்திலையும் எழும்பி நிண்டு கூலரையும் கூழாங்கல்லையும் பற்றி இங்கிலீசிலை பேசி, வெள்ளைக்காரர் எல்லாம் கை தட்டினவையாம். அங்கை காட்டத்தான் உன்னட்டைப் படம் கேட்டவர். நீயும் நானும் மாட்டுப்பட்டது அப்பதான்.

நேற்றுப் படம் வந்தது. நாவற்பழ நிறத்திலை ஏழெட்டுப் பூ, என்ன வடிவு பிள்ளை, ஆனால் எங்கடையது பால் வெள்ளை. அம்மா, காட்டுறதோ ஒளிக்கிறதோ நீங்களே முடிவெடுங்கோ எண்டு சின்னத் துண்டிலை எழுதி என்ரை தலையிலை போட்டிட்டாய். முதல் அரிசி வாளிக்குள்ளை ஒளிச்சன். பேந்து வெளியிலை எடுத்தன். அவர் தபால்காரன் வந்தவனோ எண்டு கேட்டுக்கொண்டு குசினி வாசலிலை வந்து நிக்க, இனி ஏலாது எண்டு கையிலை குடுத்திட்டன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு, யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பாத்தார். இது என்ரை கண்டு இல்லை எண்டார். கண்டு செத்த கதையையும் நீ வேறை வாங்கின கதையையும் மூச்சு விடாமல் கொட்டினன், பிள்ளையைக் கோவியாதேங்கோ, நான்தான் சொல்லாதை எண்டனான் எண்டன். அவர் கையைக் காட்டி நிப்பாட்டினார். வெள்ளைப் பூப் பூக்கிறதுக்கு வேர் நுனி பச்சையாத்தான் இருக்கும், சிவப்பெண்டால் பூவும் ஊதாத்தான், அண்டைக்கே எனக்குத் தெரியும் எண்டார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஒவ்வொரு ஞாயிறும் நெஞ்சிடிக்க இடிக்கப் பக்கத்திலை நிண்டவள் நான், தெரிஞ்சுகொண்டு இவ்வளவு காலமும் ஏன் மனுசன் வாயைத் திறக்கேல்லை எண்டு நல்லா ஏசினன். அவர் படத்தை மேசையிலை வைச்சார். கண்டு செத்துப்போச்சு எண்டு அவள் சொல்லியிருந்தால், அடுத்த ஞாயிறு நான் என்னத்தைக் கேட்டு ரெலிபோன் எடுக்கிறது எண்டு கேட்டார். நான் அவரின்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். நீ அங்கை அவருக்காகப் பொய் சொன்னாய், அவர் இஞ்சை உனக்காக அதை நம்பின மாதிரி இருந்தார், நடுவிலை நான் ஒருத்தி மடைச்சி.

போத்தில் கதை அவருக்குத் தெரியாதுதானே. அதையும் சொன்னன். ஜலீல் மடியிலை வைச்சுக்கொண்டு போனது, ஹபீபா துணி போட்டு மூடினது எல்லாம். முதல் விளங்காமல் பாத்தார், பேந்து தான் சொன்ன சொல்லுகள் ஒவ்வொண்டா ஞாபகம் வந்திருக்க வேணும், சிரிக்கத் துவங்கினவர், இருமல் வந்து, கதிரையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். இந்த வீட்டிலை அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம், எனக்கும் சேர்ந்து சிரிப்பும் அழுகையும் வந்தது. பிறகு கண்ணைத் துடைச்சுக்கொண்டு, அந்தத் தம்பி வழி முழுக்க மடியிலையோ வைச்சிருந்தவர் எண்டு திரும்பக் கேட்டார். எங்கடை பிள்ளைக்கு உங்கை இப்பிடி ஆக்கள் இருக்கினம் எண்டால் நான் என்னத்துக்குப் பயந்தனான் எண்டார். ஹபீபாவிட்டைச் சொல்லு, அவவிலை ஒரு பிழையும் இல்லையாம், அந்தக் கண்டு போனாலும் பரவாயில்லையாம், கொப்பர் சொன்னதெண்டு சொல்லு. நான் அவவுக்குத் தனியா ஒரு பார்சல் கட்டுறன், நோன்புக்குக் கஞ்சி காய்ச்ச நல்ல சிவப்பரிசி வென்ட்வேர்த்வில் கடையிலை வந்திருக்கு, வாங்கி வைச்சிட்டன். மிளகாய்த்தூளும் இந்தமுறை போகும், ஆர் வெளியிலை எடுக்கிறார் எண்டு பாப்பம்.

போத்திலிலை ஒண்டு இன்னும் உன்ரை சாமித்தட்டிலை இருக்குது எண்டு சொன்னனியெல்லே. அதை எடுக்காதை, இருக்கட்டும், அது எனக்கு இப்ப தீர்த்தம்தான். கொப்பரைக் கேட்டால் ஊதாக் கண்டுக்கு ஊத்தச் சொல்லுவார், அதுக்குப் புதுசா நிரப்பித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். வாற டிசம்பரிலை நத்தாருக்கு உங்கை வந்து அந்தக் கூலரை ஒருக்கால் நேரிலை பாக்க வேணுமாம். கூலரையாம்! ரிக்கற் போடுவம் எண்டு மட்டும் நான் சொன்னன். படத்தை மார்கரெட் அன்ரிக்குக் காட்டக் கையோடை கொண்டுபோயிட்டார், நிறம் மாறினதைப் பற்றி அவ கேட்டால் என்ன சொல்லுவியள் எண்டு கேட்டன், பாலைவனத்து வெயிலுக்கு நிறம் வைச்சிட்டுது எண்டு சொல்லுவாராம். அவ நம்பமாட்டா, ஆனால் கேக்கவும் மாட்டா.

நீ நல்லா இரு என்ரை குஞ்சு. தூரம் போறதுக்கு முதல் காரிலை தண்ணி நிரப்பி வை, வெயிலுக்குத் தொப்பி போடு, தலைக்கு எண்ணெய் வை, தீபாவளிக்கு ஜலீல் வீட்டுக்கும் பலகாரம் செய்து குடு. உன்னை எனக்குப் பிள்ளையாத் தந்ததுக்கும், கொப்பரை எனக்குத் திருப்பித் தந்ததுக்கும் நான் தினமும் விளக்கேத்தேக்கை நன்றி சொல்லுறன், உனக்கும் சேத்துத்தான் சொல்லுறன். முருகன் உன்னையும், உன்னைப் பாத்துக்கொள்ளுற அந்த ரண்டு பேரையும் கைவிடமாட்டான்.

கடைசியா ஒண்டு, மறந்திடாதை. இண்டைக்கு விடியத் தேத்தண்ணி குடிக்கேக்கை, வாற ஞாயிறு கண்டைப் பற்றிக் கேக்கமாட்டன் எண்டார். அப்ப என்னத்தைக் கேக்கப் போறியள் எண்டன். கோப்பையைப் பாத்துக்கொண்டு, பிள்ளை சாப்பிட்டவளோ எண்டு கேக்கலாம்தானே எண்டு என்னட்டை அனுமதி கேக்கிறார். அதாலை ஞாயிறு ரெலிபோன் அடிச்சால் கெதியா எடு. சாப்பிட்டியோ எண்டு கேப்பார். அழுகை வந்தாலும் ஓம் அப்பா எண்டு சொல்லு, ஆனால் அதுக்கு முதல் உண்மையாவே சாப்பிட்டிட்டு இரு, வேர் நுனியின்ரை நிறத்தை வைச்சே எல்லாத்தையும் பிடிச்ச மனுசனுக்கு உன்ரை குரலிலை பசி தெரியும்.

ஆயிரம் ஆசீர்வாதத்தோடை,
உன்ரை அம்மா
வைதேகி வரதராஜா